92 எப்படி 42 ஆனது? அகதிப் பெற்றோரின் தடுப்பூசித் தயக்கம்: ஓர் எளிய விளக்கம்

அகதிக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தயங்குகின்றன என்று ஒரு செய்தி வந்தால், அதைத் தொடர்ந்து வரும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "படிப்பறிவு கிடையாது. ஊசி, மருந்தெல்லாம் பார்த்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் ஊரில் அப்படித்தான்." டீக்கடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், நன்றாகப் படித்தவர்கள் வீட்டுக் கூடத்திலும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படும். காரணம், இந்த விஷயத்தில் நன்றாக ஆராயப்பட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது. அது சொல்வது இதற்கு நேர்மாறான கதை.

அமெரிக்காவில் சோமாலியர்கள் மிக அதிகமாக வாழும் மாநிலம் மினசோட்டா. 1991இல் சோமாலிய அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் முற்றியபோது உயிர் பிழைக்க ஓடியவர்கள், கென்யாவின் தடாப் போன்ற முகாம்களில் வருடக்கணக்கில் காத்திருந்து, பிறகு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிள்ளைகளைப் பெற்றார்கள். 2004இல் அந்த மாநிலத்தில் பிறந்த சோமாலியக் குழந்தைகளில் 92 விழுக்காட்டினர் இரண்டு வயதுக்குள் எம்எம்ஆர் ஊசி போட்டிருந்தார்கள். மற்ற குழந்தைகளைவிட இது கூடுதல். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களையும் ஒரே ஊசியில் தடுப்பதுதான் எம்எம்ஆர்.

பத்து வருடம் கழித்து, 2014இல், அதே சமூகத்தில் அந்த எண் 42.

அகதிகளாக வந்திறங்கிய புதிதில் போட்டார்கள். அமெரிக்காவில் வாழ்ந்து பழகிய பிறகு நிறுத்தினார்கள். அப்படியானால் தயக்கத்தை அவர்கள் சோமாலியாவிலிருந்து மூட்டை கட்டி எடுத்து வரவில்லை. போன இடத்தில்தான் அது அவர்களைப் பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

தயக்கம் என்றால் என்ன?

ரேஷன் கடையிலிருந்து அரிசி வாங்காமல் திரும்பும் மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் வேலை முடிந்து வருவதற்குள் கடையைப் பூட்டிவிட்டார்கள். இரண்டாமவர் இந்த அரிசியை இந்த ஜென்மத்தில் வாங்கமாட்டேன் என்று முடிவு செய்தவர். மூன்றாமவர் ஒரு கை அள்ளிப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், பக்கத்தில் நிற்பவரிடம் "போன தடவை சரியா இருந்துச்சா?" என்று கேட்கிறார், அப்புறம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பையை மடித்துக்கொள்கிறார்.

முதலாமவருக்கு இருப்பது வசதிக் குறைவு. இரண்டாமவருடையது மறுப்பு. மூன்றாமவருடையதுதான் தயக்கம். தடுப்பூசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தள்ளிப்போடுவதையோ தவிர்ப்பதையோ உலக சுகாதார நிறுவனம் 'தடுப்பூசித் தயக்கம்' என்கிறது. தீர்மானமாக மறுப்பவர்களையும் அந்த வரையறை உள்ளடக்கும். ஆனால் நடைமுறையில் பெரும் கூட்டம் மூன்றாமவரின் நிலையில்தான் நிற்கிறது.

மினசோட்டாவிலும் அப்படித்தான். பெற்றோர்கள் எல்லா ஊசிகளையும் ஒதுக்கிவிடவில்லை. எம்எம்ஆர் என்ற ஒன்றின் மேல்தான் பயம். அதையும் பலர் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. "பிள்ளை முதலில் பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் போடலாம்" என்றார்கள். இந்தப் 'பேச ஆரம்பிக்கட்டும்' என்ற சொல்லுக்கு நாம் பிறகு திரும்பி வருவோம். கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது?

மளிகைக்கடையில் கல்லாவில் புதிதாக உட்காரும் பையனிடம் முதலாளி ஒரு கள்ள நோட்டைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வார். அந்த நோட்டால் கடைக்கு நட்டமில்லை. ஆனால் பையனின் விரலுக்கு அது பழகிவிடும். நாளைக்கு யாராவது நூறு தாள்களுக்கு நடுவில் ஒன்றைச் செருகிக் கொடுத்தாலும் விரல் நின்றுவிடும்.

எம்எம்ஆர் ஊசியில் இருப்பது அந்த மாதிரி நோட்டுதான். நோயை உண்டாக்கும் வைரஸையே பலவீனப்படுத்தி, நோயாக வளரும் வலுவை எடுத்துவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள். உடம்பு அதைத் தடவிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்கிறது. இப்படி அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றலைத்தான் 'நோயெதிர்ப்பு நினைவு' என்கிறோம். ஒரு தவணை போட்டால் தட்டம்மைக்கு எதிராக ஏறத்தாழ 93 விழுக்காடு பாதுகாப்பு, இரண்டு தவணைக்கு 97. அமெரிக்காவில் முதல் தவணையை 12 முதல் 15 மாதத்துக்குள்ளும் இரண்டாவதை 4 முதல் 6 வயதுக்குள்ளும் போடுவார்கள்.

தட்டம்மை வந்து போகிற வெறும் சொறி என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தட்டம்மை பிடித்த குழந்தைகளில் சுமார் இருபதில் ஒன்றுக்கு நிமோனியா வரும். ஆயிரத்தில் ஒன்றுக்கு மூளைக்காய்ச்சல். போதாக்குறைக்கு, உடம்பு மற்ற நோய்களுக்கு எதிராக அதுவரை சேர்த்து வைத்திருந்த நினைவிலும் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது. கல்லாப் பையன் கற்றதையெல்லாம் மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து உட்காருவது போல. அதனால்தான் அம்மை இறங்கிய பிறகும் பல மாதங்களுக்குக் குழந்தை ஏதாவதொரு சீக்கில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஒரு சமூகத்தில் குறைந்தால் போதுமா?

பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றி அணைத்த பிறகும் வெகுநேரம் மணம் நிற்கும். பற்றவைத்தவர் எழுந்து போயிருப்பார், ஆனால் உள்ளே நுழைபவர் மூக்குக்குத் தெரியும். தட்டம்மைக்காரர் இருமிவிட்டுப் போன அறையில் அந்த வைரஸ் இரண்டு மணி நேரம்வரை காற்றில் நிற்கும். அதைவிடக் கஷ்டம், உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பாதுகாப்பே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது பொதுவான கணக்கு. இப்போது ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். ஒருவர் 18 பேருக்குக் கொடுக்கக்கூடியவர் என்றால், அந்த 18 பேரில் 17 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் சங்கிலி வளராமல் நிற்கும். 18இல் 17 என்பது கிட்டத்தட்ட 95 விழுக்காடு. தட்டம்மைக்கு 95 விழுக்காட்டினருக்கு ஊசி போட்டிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சுற்றியுள்ளவர்களின் பாதுகாப்பு, ஊசி போட முடியாத கைக்குழந்தையையும் காப்பாற்றுவதை 'கூட்டு நோய்த்தடுப்பு' என்பார்கள்.

மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மினசோட்டாவின் எண் அப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஏரிக்கரை சராசரியாக உடைவதில்லை. நாலு மைல் கரை கெட்டியாக இருந்தாலும் ஒரு முழம் இளகினால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். 42 விழுக்காடு என்றால் 18 பேரில் ஏழெட்டுப் பேருக்குத்தான் பாதுகாப்பு. மிச்சம் பத்துப் பேர் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒரே குழந்தைகள் காப்பகத்தில், ஒரே பள்ளிவாசலில் புழங்குகிறவர்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஊசி என்பது ஆபத்தில்லாத ஒரு முன்னறிமுகம். தட்டம்மைக்கு எதிராக அந்த அறிமுகம் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஒரு சிறு வட்டத்துக்குள் அது குறைந்தாலே நோய்க்கு வழி திறந்துவிடும். இனி, அந்த வட்டத்துக்குள் ஏன் குறைந்தது?

பதில் கிடைக்காத ஒரு கேள்வி

2008 வாக்கில் மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரத்துச் சோமாலியப் பெற்றோர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புகளில் தங்கள் சமூகத்துப் பிள்ளைகள் அதிகமாகத் தெரிந்தார்கள். குழந்தையின் பேச்சு, பழகும் விதம், நடத்தை ஆகியவற்றின் வளர்ச்சி மற்றக் குழந்தைகளிடமிருந்து வேறுபடும் நிலைதான் ஆட்டிசம். சோமாலி மொழியில் அப்போது அதற்குத் தனியாக ஒரு சொல்லே இல்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே வந்த பிறகு கேட்கிறார்கள், அதுவும் தன் பிள்ளையைக் காட்டிச் சொல்லக் கேட்கிறார்கள்.

அந்தத் தாயின் இடத்தில் நின்று பாருங்கள். பெயரே தெரியாத ஒன்று. ஊரில் இல்லாதது, இங்கே இருக்கிறது. அப்படியானால் இங்கே என்ன புதிது? குளிரா? சாப்பாடா? ஊசியா? இது மூடத்தனமான கேள்வி இல்லை. எந்த ஆராய்ச்சியாளரும் முதலில் கேட்கக்கூடிய கேள்விதான் இது. அவர்கள் அதிகாரிகளிடம் கேட்டார்கள். 2009இல் மாநில சுகாதாரத் துறை ஓர் ஆய்வு வெளியிட்டது. சோமாலியக் குழந்தைகள் அந்த வகுப்புகளில் கூடுதலாக இருப்பது உண்மை என்றது. ஆனால் ஏன் என்று சொல்ல முடியவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விரிவான ஆய்வு வர 2013 ஆகிவிட்டது. சோமாலியக் குழந்தைகளில் சுமார் 32இல் ஒருவருக்கு ஆட்டிசம், வெள்ளையர் குழந்தைகளில் 36இல் ஒருவருக்கு என்று அது கணக்கிட்டது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சோமாலியக் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பது அதிகமாக இருந்தது. அதாவது பெற்றோர்கள் பார்த்தது பொய்யில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பாதிப்பு கடுமையாகத்தான் இருந்தது.

இடைப்பட்ட அந்த ஐந்து வருடத்தில் பதில் சொல்ல வேறு ஆட்கள் வந்தார்கள்.

1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் உடன் சிலரும் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெறும் 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயம் கிளப்பிய கட்டுரை அது. 2010 பிப்ரவரியில் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் மினியாபொலிஸுக்கு வந்து சோமாலியப் பெற்றோர்களைச் சந்தித்துப் பேசினார். தடுப்பூசி எதிர்ப்புக் குழுக்களும் தொடர்ந்து வந்தன. கூட்டம் போட்டார்கள், உட்கார்ந்து கேட்டார்கள், "உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறது" என்றார்கள். அவர்கள் சொன்ன பதில் தவறு. ஆனால் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

காக்கையும் பனம்பழமும்

சரி, ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஒன்றால் மற்றது நடந்ததாகத் தோன்றும். எம்எம்ஆர் முதல் தவணை 12 முதல் 15 மாதத்தில். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குத் தெளிவாகப் படத் தொடங்குவதும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள். அந்த வயதில்தான் பிள்ளை பேசத் தொடங்க வேண்டும், பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும், விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அது நடக்காதபோது அம்மா நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டுகிறாள். அங்கே ஊசி போட்ட நாள் நிற்கிறது. 'பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் போடலாம்' என்ற சொல் பிறந்தது இங்கேதான்.

காக்கையால்தான் பழம் விழுந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஒரே வழி, காக்கை உட்காராத மரங்களையும் எண்ணிப் பார்ப்பது. டென்மார்க்கில் அதைத்தான் செய்தார்கள். 1999 முதல் 2010 வரை அங்கே பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவேடுகளைப் பல வருடங்களுக்குப் பின்தொடர்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எம்எம்ஆர் போட்டவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாக இல்லை. குடும்பத்தில் ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் இல்லை. பழம் அதன் பருவத்தில் விழுந்திருக்கிறது.

வாய்ச்சொல்லின் பலம்

டென்மார்க் ஆய்வுக்கு முன்பே இதே முடிவைச் சொன்ன ஆய்வுகள் நிறைய இருந்தன. அவை ஏன் எடுபடவில்லை?

சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்தது 1972இல்தான். நூற்றாண்டுகளாகக் கவிதையையும் வழக்கையும் வம்சாவளியையும் வாயால் காத்த சமூகம் அது. செய்தி என்றால் அங்கே ஒருவர் குரல். அவர் யார், எந்த வீட்டவர் என்று கேட்கிறவருக்குத் தெரிந்திருக்கும். துண்டறிக்கையைச் சோமாலியில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தன் அக்கா மகன் பேச்சு நின்று போனதைத் தொலைபேசியில் அழுதுகொண்டே சொல்லும் ஒரு பெண்ணின் முன்னால் அச்சடித்த தாள் எம்மாத்திரம்?

அகதியின் வாழ்க்கையில் படிவங்களுக்கும் குறைவில்லை. எந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாலும் கேள்வி வரும், கையெழுத்து வரும், அதன் விளைவு பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர் மருத்துவர் அறையில் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் தலையை ஆட்டுவார். அடுத்த முறை வரமாட்டார்.

மதம் சார்ந்த ஓர் ஐயமும் உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் போடப்படும் எம்எம்ஆர் ஊசி ஒன்றில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது. இதை மறைப்பதும் தவறு, பெரிதாக்குவதும் தவறு. உருமாறிய பொருள் மூலப்பொருளின் தடையைச் சுமப்பதில்லை என்று இதற்கு மார்க்க அறிஞர்கள் பலர் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதை இமாம் சொன்னால்தான் எடுபடும், மருத்துவர் சொன்னால் எடுபடாது.

இது அகதிகளுக்கு மட்டும் வருவது என்று நினைத்துவிட வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளைக் கேட்டு, அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் உண்டு. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. சொந்த மண், சொந்த மொழி, தெரிந்த செவிலியர் எல்லாம் இருந்தும் நமக்கே அப்படி.

சுருக்கமாக: பயத்துக்கு உண்மையான ஒரு துயரம் அடியில் இருந்தது. தற்செயலாகச் சேர்ந்து வந்த இரண்டு நாட்கள் அதற்கு உருவம் கொடுத்தன. நம்பிக்கையானவர்களின் குரலில் அது பரவியது.

2017: கரை உடைந்தபோது

முதல் எச்சரிக்கை 2011இலேயே வந்தது. கென்யாவுக்குப் போய்த் திரும்பிய, ஊசி போடாத இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து தொடங்கி 21 பேருக்குத் தட்டம்மை பரவியது. 2017 ஏப்ரலில் பெரிதாக வந்தது. ஆகஸ்ட் இறுதியில் முடிந்ததாக அறிவிப்பதற்குள் 75 பேர் பாதிக்கப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் சோமாலியக் குழந்தைகள், மிகப் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். யாரும் சாகவில்லை என்பது ஒன்றே ஆறுதல். நோயாளியோடு பழக்கம் ஏற்பட்ட, ஊசி போடாத பிள்ளைகள் 21 நாள் காப்பகத்துக்கும் பள்ளிக்கும் வரக்கூடாது என்று சொல்லப்பட்டது. தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு 21 நாள் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

பரவல் முற்றியபோது ஊசி போடுவது வேகமெடுத்தது. மாநிலம் முழுவதும் வாரத்துக்கு ஏறத்தாழ 2,700 ஆக இருந்த எம்எம்ஆர் தவணைகள் மே மாதத் தொடக்கத்தில் 10,000ஐ நெருங்கின. சோமாலி பேசும் சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்கும் காப்பகங்களுக்கும் போனார்கள். இமாம்கள் பள்ளிவாசலில் பேசினார்கள். சோமாலிய மருத்துவர்கள் தங்கள் மொழியிலேயே கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஆனாலும் பயந்து போட்ட ஊசி, பயம் தணிந்ததும் குறைந்துவிட்டது. 2024இல் மினசோட்டாவில் மறுபடி 70 பேருக்குத் தட்டம்மை. அப்போதும் அதிகம் அடிபட்டது இதே சமூகம்தான்.

தட்டம்மைக்குச் சோமாலியில் 'ஜதேஓ' என்று பெயர். ஆட்டிசத்துக்குப் பெயர் வைக்காதிருந்த மொழி இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. போருக்கு முந்திய தலைமுறைப் பாட்டிகளுக்கு அது வெறும் பெயர் இல்லை, பறிகொடுத்த முகம். மினியாபொலிஸில் வளர்ந்த மகளோ பேத்தியோ அதைக் கண்ணால் கண்டதில்லை. அவள் கண்டதெல்லாம் பக்கத்து வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை. அவளிடம் "ஊசியால் ஆட்டிசம் வராது, போடுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டால், அவளுடைய கேள்வியில் பாதிக்குத்தான் பதில் சொன்னதாக ஆகும்.

மிச்சப் பாதிக்கு வேறு வேலை இருக்கிறது. பதினெட்டு மாதப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கிறதா என்று அந்த அம்மாவோடு சேர்ந்து பார்ப்பது. ஐயம் இருந்தால் உடனே பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பது. பேச்சுப் பயிற்சிக்கு எங்கே போக வேண்டும், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை அவள் மொழியில் சொல்வது. அதற்கு நேரம் ஒதுக்கும் மருத்துவரிடம், ஊசி அட்டையை அவளே பையிலிருந்து எடுத்து நீட்ட வாய்ப்பிருக்கிறது.